நாலு வீட்டுத் தெருவும் என் மருமகளும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உறையின்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ வேறு எதையும் நினைத்துப் பதறக் கூடாது என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் எண்ணைப் போட்டால் அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் வருகிறது. முப்பது வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து அதே வாக்கியத்தை ஊராருக்கெல்லாம் சொன்னவள் நான். கேட்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. உன் மனைவி வேலைக்குப் போகிறாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். பதினாறு குழந்தைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் அவரவர் வாசலில் இறக்கிவிட வேண்டும். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கா இவ்வளவு படித்தாய் என்று கேட்டேன். "வீட்டுல உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா என்ன ஆகும் அத்தை? கண்ணுதான் பூத்துப்போகும்" என்றாள். 

லைசென்ஸுக்கு மூன்று தடவை போனாள். நம் தெரு முட்டுச்சந்துதானே, அதன் கடைசியில் இரண்டு பக்கெட்டை வைத்து நடுவே பின்னால் எடுத்துப் பழகினாள். நான் நின்றுகொண்டு "வா, வா, போதும்" என்று கத்துவேன். முதல் வாரத்தில் மூன்று பக்கெட் போயிற்று. இப்போது அந்தப் பெரிய வண்டியை ஒரே மூச்சில் திருப்பி நம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நிறுத்துகிறாள். காலையில் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்காரும்போது நீ பார்க்க வேண்டும். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று தினமும் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

தெருவில் நம்மோடு சேர்த்து இன்னும் நாலே வீடுதான். மீசைக்காரரை உனக்குத் தெரியும். டைல்ஸ் கடையை மூடிவிட்டுத் தனக்குத்தானே தெருத் தலைவர் பதவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். மகனுக்கும் மருமகளுக்கும் வேறு ஊருக்கு டிரான்ஸ்ஃபர் என்று சொல்கிறார். அவர்கள் சாமான் ஏற்றிப் போன அன்று கேட்ட சத்தம் டிரான்ஸ்ஃபர் சத்தம் மாதிரி இல்லை. எதிர்வீட்டில் நீ போன பிறகு ஒரு பல் டாக்டர் வந்திருக்கிறார். மனைவி, ஏழு வயதில் ஒரு பெண். ஆளுயர மதில். அந்த வீட்டில் எந்நேரமும் இரண்டு டிவி ஓடும். ஒன்று கீழே, ஒன்று மாடியில். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில் இருந்து யாரும் பார்த்ததில்லை.

நமக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு ரிடையர்டு ரயில் டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். எஞ்சின்காரர் என்றுதான் தெருவில் சொல்வது. பாவம், குடிப்பழக்கம். அந்த அம்மாவே என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வந்து யார் வீட்டுக் கேட்டையாவது திறந்து உள்ளே போய்விடுவார். போன வாரம் டாக்டர் வீட்டுச் சோபாவில் போய் உட்கார்ந்து, டூட்டிக்கு நேரமாகிவிட்டது, இன்னும் ஏன் சாப்பாடு கட்டவில்லை என்று டாக்டர் மனைவியைக் கேட்டிருக்கிறார். டாக்டர் அவர் சட்டையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். அந்த அம்மா ஓடிவந்து, "கொஞ்சம் ஜாஸ்தியா குடிச்சிட்டாருங்க, மன்னிச்சிடுங்க" என்று நடுத்தெருவில் கும்பிட்டாள். வீட்டைக் காலி செய்ய வைக்க வேண்டும் என்று மீசைக்காரர் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

உன் மனைவி ஒருத்திதான் அவரிடம் பேசுகிறாள். சாயங்காலம் வேனைக் கழுவும்போது அவர் சுவர் ஓரமாக வந்து நின்று ரயில் கதை சொல்வார். குடித்துவிட்டு உளறுகிறவரிடம் என்ன பேச்சு என்று நான் திட்டினேன். "அவர் உளறல்ல பதினாலு ஸ்டேஷன் வருது அத்தை. ஒண்ணுகூட வரிசை மாறலை" என்றாள்.

எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். நன்றாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பேசுகிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அம்மா


அன்புள்ள மகனுக்கு,

போன கடிதம் வந்து சேர்ந்திருக்கும். பதில் வராததால் விலாசம் தவறோ என்று உறையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். விலாசம் சரிதான். இந்தக் கடிதத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இங்கே ஒரு காரியம் நடந்தது. அதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணி இருக்கும். மருமகள் கடைசி நாலு குழந்தைகளோடு வந்துகொண்டிருந்தாள். அதில் டாக்டர் மகளும் ஒருத்தி. ரயில்வே கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பும்போது, தண்டவாளத்துக்கு நடுவே ஒரு ஆள் நடந்து போவது தெரிந்திருக்கிறது. தேய்த்த பழைய யூனிஃபார்ம் சட்டை, கையில் டிபன் டப்பா. எஞ்சின்காரர். அவருக்கு முன்னால் இருநூறு அடியில் ஆற்றுப் பாலம்.

வேனைச் சாலை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்புப் பெண்ணைக் கதவருகே உட்காரவைத்து, "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது, நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பின்னாலிருந்து கூப்பிட்டும் அவர் திரும்பவே இல்லையாம். பக்கவாட்டில் ஜல்லியில் ஓடி, அவரைத் தாண்டிப் போய், எதிரே நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். ரயில்வேயில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். சுவர் ஓரத்தில் அவரே சொல்லிக்கொடுத்ததுதான்.

உடனே நின்றுவிட்டார். "என்னம்மா, லைன் கிளியர் கிடைக்கலையா?" என்று, மேலே போக உத்தரவு இல்லையா என்கிற மாதிரி கேட்டாராம். "இல்லைங்க ஐயா. எதிர்ல வண்டி வருது, ஓரமா இறங்கிடுங்க" என்றாள். சர்வீஸில் ஒரு தடவைகூட சிவப்பு சிக்னலைத் தாண்டாதவர். பிள்ளை மாதிரி இறங்கி வந்துவிட்டார்.

ஐந்து நிமிஷம் கழித்து வண்டி போனது. ஐந்து நிமிஷம் நிறைய நேரம் என்று தோன்றும். அவர் நடைக்கு அப்போது பாலத்தின் நடுவில் இருந்திருப்பார். ஒதுங்க அங்கே இடமே கிடையாது.

அவரை வேனில் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவர் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்ல, பின்னாலிருந்து குழந்தைகள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்களாம். நம் வாசலில் இறங்கும்போது அவள் செருப்பில் ஒன்று இல்லை. கால் கிழிந்திருந்தது. அதைக்கூட நான் சொல்லித்தான் பார்த்தாள்.

ஆனால் சாயங்காலமே டாக்டர் நம் கேட்டுக்கு வந்துவிட்டார். "ஒரு குடிகாரனைப் பிடிக்கிறதுக்காக என் குழந்தையைத் தண்டவாளத்துப் பக்கத்துல அம்போன்னு விட்டுட்டு ஓடியிருக்காங்க" என்று தெருவே கேட்கக் கத்தினார். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். அரை மணியில் வேன் சொந்தக்காரர் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அவர் கேக்கறதுல தப்பில்ல அத்தை. அவரோட குழந்தை. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து போய் வாசலில் சும்மா நின்ற வேனின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீசைக்காரர் தன் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார். எஞ்சின்காரர் வீட்டைக் காலி செய்ய வைக்கும் மனு ஒன்று. வேன் விஷயம் இன்னொன்று. டாக்டர் ஒரு பக்கமும் அவர் மனைவி அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்தார்கள். எஞ்சின்காரர் மனைவி உட்காரவே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் கால் மணி நேரம் பேசினார். அப்புறம் மருமகள் எழுந்தாள். நான் பயந்தேன். அவள் இதுவரை நாலு பேர் முன்னால் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"டாக்டர் சொல்றது நியாயம்தான். குழந்தைங்களை விட்டுட்டு இறங்கினது என் முடிவு. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். வேன்ல துணைக்கு ஒரு ஆள் இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, அதை ஓனர்கிட்ட எழுதியே கொடுத்திருக்கேன். ஆனா டாக்டர், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு பாக்கறவரு. அன்னைக்கு எஞ்சின்காரர் சட்டையைப் பிடிச்சீங்களே, ஒரு தடவையாவது அந்த வாயில சாராய வாடை அடிச்சுதா?"

டாக்டர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தூணைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் ஜென்மத்தில் குடித்ததே இல்லையாம். இரண்டு வருஷமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. "குடிகாரன்னா நாலு பேர் சிரிப்பாங்க, அதோட போச்சு. புத்தி தவறிடுச்சுன்னு தெரிஞ்சா எம் பிள்ளை வந்து எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடுவான். நாப்பத்தாறு வருஷம் கூட இருந்துட்டேன், அவரை விட்டுட்டு நான் எப்படிங்க இருப்பேன்?" என்று கேட்டாள். அவர் மானத்தை விற்றுத்தான் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே சுவர் தள்ளி இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை.

மீசைக்காரருக்கு மனுவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். என் பக்கம் திரும்பி, "அது கிடக்கட்டும், உங்க மருமகளைக் கொஞ்சம் அடக்கி வைங்க. உங்க பையன்தான் வாராவாரம் பேசறாரே, அவர்கிட்டச் சொல்லி ரெண்டு வார்த்தை கண்டிக்கச் சொல்லுங்க" என்றார்.

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. என் பையன் எங்களோடு பேசி இரண்டு வருஷமும் இரண்டு மாசமும் ஆகிறது என்று சொன்னேன். வாராவாரம் பேசுகிறான் என்று புளுகியது நான், இவள் அல்ல என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியானால் இவள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். மாமியார் வாய் பொய்யாகக் கூடாது, தெருவில் என் தலை குனியக் கூடாது என்பதற்காக. இவளுக்காகத்தான் பொய் சொல்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் இவள் அந்தப் பொய்க்குள் போய் உட்கார்ந்திருந்தாள். "இவளை யாரும் அடக்க வேண்டாம். இவ இருக்கறதாலதான் நான் நிமிந்து நடக்கறேன்" என்றேன்.

அப்போது டாக்டர் மனைவி பேசினாள். அவள் குரலை அன்றுதான் கேட்கிறோம். "எம் பொண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்து பதினாலு ஸ்டேஷன் பேரும் ஒப்பிச்சா. ரொம்ப நாளைக்கப்புறம் எங்க வீட்டுல ஒருத்தர் சத்தமா பேசினது அன்னைக்குத்தான். நாளைக்கு நானே ஸ்கூலுக்குப் போய்ப் பேசறேன்" என்றாள். டாக்டர் எழுந்து போய்விட்டார். மனுவில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

உன்னைத் தெருவில் வைத்துப் பேசிவிட்டேன். தப்பு என்று நீ நினைத்தால் எழுதிச் சொல். கோபமாகவாவது எழுது.

அம்மா


அன்புள்ள மகனுக்கு,

மூன்று மாசமாகிவிட்டது. பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை, அதனால் நிதானமாகப் படி.

வேன் திரும்ப ஓடுகிறது. அவள் எழுதிக் கொடுத்ததைச் சொந்தக்காரர் தன் ஏழு வேனுக்கும் வைத்துவிட்டார். இனி ஒவ்வொரு வண்டியிலும் துணைக்கு ஒரு பெண் உண்டு. புதிதாக வண்டி எடுக்கிறவர்களுக்குப் பழக்கிவிடும் வேலையும் அவளுக்குத்தான். பக்கெட் எங்கே வைப்பது என்று நேற்று ஒரு தாடிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரும் இரண்டை உடைத்தார்.

எஞ்சின்காரர் மகன் அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தான். நல்ல பிள்ளைதான், பயந்து போயிருந்தான். அவனிடம் பேசியது யார் தெரியுமா? மீசைக்காரர். "இங்கயே இருக்கட்டும் தம்பி. கேட்டு மாறித் திறந்தா திறந்துட்டுப் போறாரு, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுக்கறோம்" என்றார். சொல்லிவிட்டு நம் வாசலில் வந்து நின்று, "எம் பையனுக்கும் டிரான்ஸ்ஃபர் ஒண்ணும் இல்லீங்க. நான்தான் வீட்டை விட்டுப் போடான்னேன்" என்று என்னிடம் சொன்னார். மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். நீங்களே போன் போடுங்கள், முதல் வார்த்தை வராவிட்டால் இருமுங்கள், அவன் புரிந்துகொள்வான் என்றேன். போட்டாரா என்று தெரியவில்லை.

டாக்டர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கி, எஞ்சின்காரரைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனது அவர்தான். ஏறும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் இப்போதும் இரண்டு டிவிதான். அது அவர்கள் பாடு.

இனி நம் வீட்டு விஷயம். உன்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் லீவில் வந்திருந்தபோது நம் வீடு தேடி வந்தார். என் இரண்டு கடிதமும் உன் கையில் சேர்ந்ததைச் சொன்னார். வேறு என்ன கேட்டாலும் தரையைப் பார்த்தார். தன் பிள்ளைகளின் படத்தைப் போனில் காட்டிக்கொண்டே வந்தவர் விரல் தவறி இன்னொரு படத்தைத் தள்ளிவிட்டார். அவசரமாக மறைத்தார். அதில் நீ இருந்தாய், தனியாக இல்லை. நான் பார்த்துவிட்டேன். மருமகளும் பார்த்தாள். அவருக்கு இன்னொரு டம்ளர் டீ கொடுத்து அனுப்பினோம்.

அவர் போன பிறகு, அழுவாளோ என்று பயந்து சமையலறையிலேயே நின்றேன். அவள் வந்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "இனிமே ஞாயித்துக்கிழமை பதினோரு மணி நமக்குத்தான் அத்தை. எங்கயாவது போய்ட்டு வரலாம்" என்றாள். போனோம். அவள் ஓட்ட, முன்சீட்டில் நான். இந்த ஊரில் முப்பத்தைந்து வருஷம் இருந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். வக்கீலிடம் நானும் கூடப் போனேன். அவள் போட வேண்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். முழுப் பெயரையும் எழுதினாள். உன் இடம் காலியாக இருக்கிறது. அவள் எங்கேயும் போகவில்லை, இந்த வீட்டில்தான் இருப்பாள். நான் அவளோடு இருப்பேன். நாளைக்கு யாரையாவது அழைத்துவந்து இவர்தான் என்று சொன்னால், நானே நாற்காலி எடுத்துப் போடுவேன். முப்பது வயதுதான் ஆகிறது என் பெண்ணுக்கு.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். பொய் எழுதுவதை விட்டுவிட்டேன். ஆனால் பெற்றவள் நான், கோபம் மட்டும்தான் என்று எழுதினாலும் பொய்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பு. கடிதம் எழுத முடியாவிட்டால் வேண்டாம், அந்த ஒரு கையெழுத்து போதும், நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன்.

அங்கே குளிர் அதிகம் என்று வந்தவர் சொன்னார். பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போட்டுவிடு. உனக்குச் சின்ன வயதில் காதுவலி வந்துகொண்டே இருக்கும், அதற்கும் அப்படி இருக்கலாம்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம்.

அம்மா